கேரியரைப் பிடிக்க ஆள் இருக்கா?

ஒரு குட்டி சர்வே எடுப்போமா ஃப்ரெண்ட்ஸ்? உங்க கிளாஸ்ல இருக்கிற பொண்ணுங்ககிட்ட, 'சைக்கிள் ஓட்டத் தெரியுமா?'னு கேளுங்க. ஏகப்பட்ட கை உயரும். அடுத்து, 'இன்னிக்கு காலேஜுக்கு சைக்கிள்ல வந்தது யாரு?'னு கேளுங்க. கிளாஸே கப்சிப் ஆயிடும்!

ப்ளஸ் ஒன் படிக்கும்போது ஸ்கூல் பையைக் கேரியர்ல வெச்சு, ஃப்ரெண்டையும் ஏத்திக்கிட்டு டபுள்ஸ் அடிச்ச அதே பொண்ணுங்கதான். தமிழ்நாட்டின் இலவச சைக்கிள் திட்டமே 2001-02-ல் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவிகளுக்காகத்தான் முதலில் தொடங்கியது. அப்புறம்தான் பசங்க உட்பட மத்தவங்களுக்கும் வந்தது. ஆக, பொண்ணுங்களை மனசுல வெச்சு ஆரம்பிச்ச திட்டம் இது. ஆனா ப்ளஸ் டூ முடிஞ்சதும் அந்த சைக்கிள் என்ன ஆகுது? தம்பி கைக்குப் போயிடுது. இல்லேன்னா காத்து இறங்கி, வீட்டுச் சுவர்ல சாய்ஞ்சு கிடக்குது. "காலேஜ் போற பொண்ணுக்கு சைக்கிள் எதுக்கு?"னு வீட்ல ஒரு வார்த்தை. "ஏய்... இன்னுமா சைக்கிள்?"னு ஃப்ரெண்ட்ஸ்கிட்டேருந்து ஒரு கிண்டல். அவ்வளவுதான், கதை ஓவர்!

சைக்கிள் ஓட்ட பேலன்ஸ் வேணும், பிரேக் வேணும். எல்லாருக்கும் தெரியும். ஆனா ஒரு பொண்ணு தொடர்ந்து ஓட்டணும்னா அவளைச் சுத்தி இருக்கிறவங்களும் கொஞ்சம் வேலை செய்யணும். 'சபாஷ்' சொல்றது ரொம்ப ஈஸி. அதைத் தாண்டி என்ன செய்யணும்னு தெரிஞ்சுக்க, நாம புதுக்கோட்டைக்குத்தான் போகணும்.

ஒரு மாவட்டமே பழகிச்சு!

வருஷம் 1991. புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் சூடு பிடித்திருந்த நேரம். எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு ஊர் ஊராக வகுப்பு நடக்கிறது. பாடம் சொல்லித்தரப் போன தொண்டர்களில் ஏராளமானோர் பெண்கள். பஸ் எட்டிப் பார்க்காத கிராமத்துக்கு அவங்க எப்படிப் போறது? அப்போது கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத், சைக்கிள் பழகுவதையும் அறிவொளியின் ஒரு பகுதியாக்கினார். நினைச்ச இடத்துக்குத் தானே போய்வர முடியலைங்கறதே பெண்களோட தன்னம்பிக்கையைக் குறைக்குதுங்கறது அவரோட கணக்கு.

முதலில் தொண்டர்கள் பழகினார்கள். அவங்களைப் பார்த்துப் படிக்க வந்தவங்களுக்கும் ஆசை வந்துடுச்சு. விவசாயக் கூலிகள், கல்குவாரியில் வேலை செய்தவர்கள், கிராமத்து நர்சுகள், அங்கன்வாடி ஊழியர்கள், டீச்சர்கள்... எல்லாரும் ஹேண்டில்பாரைப் பிடித்தார்கள். பத்திரிகையாளர் பி.சாய்நாத் அங்கே போய் எழுதியபோது, பழகியவர்களின் எண்ணிக்கை 1 லட்சத்தைத் தாண்டியிருந்தது. அதில் 70,000 பேருக்கு மேல், ஊரே பார்க்க நடந்த சைக்கிள் போட்டிகளிலும் கலந்துக்கிட்டாங்க. 1992 மகளிர் தினத்தன்று 1,500-க்கும் அதிகமான பெண்கள் புதுக்கோட்டை டவுனுக்குள் சைக்கிளில் ஊர்வலமாக வந்தார்கள்.

ஹைலைட் என்ன தெரியுமா? லேடீஸ் சைக்கிளுக்கே தட்டுப்பாடு! பெண்கள் அசரவில்லை. ஜென்ட்ஸ் சைக்கிளையே ஓட்டினார்கள். சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவில் இருக்கும் பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்று, அதையே விரும்பிக் கேட்டவர்களும் உண்டு. சாய்நாத் எழுதிய அந்தக் கட்டுரை, என்.சி.இ.ஆர்.டி-யின் 8-ம் வகுப்பு இந்திப் புத்தகத்தில் பாடமாகவே வந்தது. நம்ம ஊர் அக்காக்களின் கதையை வடக்கே பசங்க பரீட்சைக்குப் படிச்சிருக்காங்க பாஸ்!

கேலி இல்லாமலா? நிறையவே இருந்தது. காது கூசும் பேச்சும் இருந்தது. ஆனா ஒருத்தி தனியா ஓட்டினா கேலி பண்ணலாம். தெருவே ஓட்டினா யாரைன்னு கேலி பண்றது?

இங்கே கவனிக்க வேண்டிய விஷயம், ஆதரவு எந்த வடிவத்தில் வந்தது என்பதுதான். சைக்கிள் வாங்கக் கடன் கொடுக்கும்படி பேங்குகளை கலெக்டர் நெருக்கினார். ஒவ்வொரு ஒன்றியத்துக்கும் இன்னின்ன பொறுப்பு என்று பிரித்துக் கொடுத்தார். பழகி முடித்தவர்கள் அடுத்தவர்களுக்குக் கற்றுத் தந்தார்கள். யாரும் ஓரமா நின்னு கைதட்டிட்டுப் போயிடலை. ஆளுக்கொரு வேலையை எடுத்துக்கிட்டாங்க.

இதை அப்படியே நம்ம வீடு, கேம்பஸ், ஆபீஸ்னு பொருத்திப் பார்ப்போமா?

வீடு: இறுக்கிப் பிடிக்காதீங்கப்பா!

சைக்கிள் பழகும்போது அப்பாவோ அண்ணனோ பின்னாடி கேரியரைப் பிடிச்சுக்கிட்டே ஓடி வருவாங்களே, அதுல ஒரு இன்ஜினீயரிங் இருக்கு. ஓடும் சைக்கிள் இடது பக்கம் சாய்ந்தால், முன் சக்கரமும் இடது பக்கம் திரும்பும். உடனே சக்கரங்கள் நம்ம எடைக்கு அடியில் வந்து சேர, சைக்கிள் நிமிர்ந்துவிடும். இதற்குச் சுழலும் சக்கரத்தின் 'கைரோஸ்கோப்' விளைவும், முன் சக்கரம் பொருத்தப்பட்டிருக்கும் விதமும்தான் காரணம் என்று ரொம்ப நாள் சொல்லி வந்தார்கள். 2011-ல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வுக்காக, இந்த இரண்டு விளைவும் வேலை செய்யாத மாதிரி ஒரு விசேஷ சைக்கிளையே செய்து ஓடவிட்டார்கள். அப்பவும் அது விழாம ஓடிச்சு! ஆனா எந்தப் பக்கம் சாயுதோ அந்தப் பக்கம் திரும்பறதுங்கற விஷயம் மட்டும் மாறவே இல்லை.

பழகறவங்களுக்கு இதுல ஒரு பாடம் இருக்கு. கேரியரை இறுக்கிப் பிடிச்சா சைக்கிள் சாயாது. சாயாத சைக்கிளில் எப்படித் திருப்பி நிமிர்த்துறதுன்னு கத்துக்கவே முடியாது. லேசாத் தொட்டுக்கிட்டு வரணும், சரியான நேரத்துல விட்டுடணும்.

வீட்டு ஆதரவும் இதே கதைதான். 'பத்திரம்... பத்திரம்...'னு அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு போன் பண்றது இறுக்கிப் பிடிக்கிற கேஸ். 'அதெல்லாம் வேணாம், பஸ்லயே போ'ங்கறது சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்தற கேஸ். உண்மையிலேயே உதவணுமா? காலையில் தண்ணி பிடிக்கிற வேலையை அண்ணன் எடுத்துக்கலாம். அந்தப் பதினஞ்சு நிமிஷம் இருந்தா, தங்கச்சி அவசரமில்லாம மிதிச்சுப் போவா. பஞ்சர் கடைக்கு அவளையும் கூட்டிட்டுப் போய், ட்யூபை எப்படிக் கழட்டுறதுன்னு அப்பா காட்டிக் கொடுக்கலாம். 'பொம்பளப் புள்ளைக்கு சைக்கிளா?'னு அத்தை இழுத்தா, அம்மா ஒரே வார்த்தையில், "நான்தான் ஓட்டச் சொன்னேன்"னு முடிச்சிடலாம். அந்த ஒரு வார்த்தைக்கு இருக்கிற மதிப்பு, புது சைக்கிளுக்குக்கூட கிடையாது.

ஃப்ரெண்ட்ஸ்: கேங்கா போனா கெத்து!

இப்போ பீகார் பக்கம் ஒரு ரவுண்ட். அங்கே 2006-ல் ஒன்பதாம் வகுப்புக்கு வரும் மாணவிகளுக்கு சைக்கிள் வாங்கப் பணம் கொடுக்கும் திட்டம் தொடங்கியது. அதை ஆராய்ந்த பொருளாதார நிபுணர்கள் கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் இருவரின் கட்டுரை 2017-ல் வெளியானது. உரிய வயதில் உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்கள் 32 சதவிகிதம் கூடியிருந்தார்கள். ஆண் - பெண் இடைவெளி 40 சதவிகிதம் குறைந்திருந்தது.

பணத்தை மட்டும் வெச்சு இதைப் புரிஞ்சுக்க முடியாதுன்னு அவங்க சொல்றாங்க. ஊர்ப் பொண்ணுங்க எல்லாருக்கும் ஒரே சமயத்தில் சைக்கிள் வந்தது. கூட்டமாகச் சேர்ந்து போனதால் பாதுகாப்பும் கூடியது. 'பொண்ணுங்க ஊரைத் தாண்டிப் போகக் கூடாது' என்ற கட்டுப்பாடும் அதனால் தளர்ந்திருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. புதுக்கோட்டையில் பார்த்த அதே சங்கதி!

ஸோ, ஃப்ரெண்டுக்கு நீங்க செய்யக்கூடிய பெரிய உதவி, கூடவே இன்னொரு சைக்கிள்ல வர்றதுதான். ஹாஸ்டல்ல நாலு பேர் சேர்ந்தா ஒரு கேங் ரெடி. மணிக்கு 15 கிலோமீட்டர் வேகம்னு வெச்சாலும், 5 கிலோமீட்டருக்கு 20 நிமிஷம் போதும். பஸ்ஸுக்காக நின்னே பல நாள் அதைவிட அதிக நேரம் போயிருக்கும்!

பசங்களுக்கு ஒரு ரிக்வெஸ்ட். ஒரு பொண்ணு சைக்கிளில் மேடு ஏறும்போது விசில் அடிக்காம இருக்கிறது உதவி இல்ல, அது மினிமம் மரியாதை. உங்க கூட இருக்கிறவன் விசில் அடிக்கும்போது, 'டேய், சும்மா இருடா'ன்னு சொல்றீங்களே, அதுதான் உதவி.

ஆபீஸ்: வேர்வைக்கு ஒரு வழி!

கேம்பஸ் இன்டர்வியூ முடிஞ்சு வேலைக்குப் போனா, சைக்கிளுக்கு அடுத்த சோதனை ஆரம்பம். "ஏன் மேடம், பெட்ரோல் விலை கட்டுப்படியாகலையா?"னு பக்கத்து சீட் ஜோக் அடிக்கும். பதிலுக்குச் சிரிச்சுட்டுப் போயிடலாம். ஆனா வேர்வையைச் சிரிச்சு சமாளிக்க முடியாதே! கூட வேலை பார்க்கிறவங்க சேர்ந்து கேட்டா வரக்கூடிய விஷயங்கள் சில உண்டு: நிழலில் பூட்டி வைக்க ஒரு சைக்கிள் ஸ்டாண்டு, முகம் கழுவி டிரெஸ் மாத்த பெண்களுக்கு ஒரு ரூம், வேலை முடியும் நேரம் முன்கூட்டியே தெரிய ஒரு ஷிஃப்ட் சார்ட். ஒருத்தி போய் கேட்டா 'கம்ப்ளெயின்ட்'. பத்து பேர் கையெழுத்துப் போட்டுக் கேட்டா 'கோரிக்கை'. சைக்கிளே ஓட்டாதவங்களும் அதில் கையெழுத்துப் போடலாம். அதே ரூட்டில் வர்ற சீனியர் முதல் வாரம் கூடவே வந்தா, எந்த சிக்னல் டேஞ்சர், எந்தத் தெருவுல லைட் இல்லேன்னு எல்லாம் தெரிஞ்சுடும். மத்தபடி ரோட்டையும் லைட்டையும் ஒழுங்கா போட வேண்டியது நிர்வாகத்தோட வேலை. எவ்வளவு அன்பான குடும்பமும் அதுக்கு ஈடாகாது.

இதையும் தெரிஞ்சுக்கோங்க!

1890-களில் ஐரோப்பா, அமெரிக்கப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கிளம்பியபோது, 'சைக்கிள் முகம்' என்று ஒரு வியாதி வரும் என சில டாக்டர்களே பயமுறுத்தினார்கள். கண் பிதுங்கி, தாடை இறுகி, அழகு போயிடுமாம்! அப்படி ஒரு வியாதியே கிடையாது. இன்னிக்கு யாராவது புதுசு புதுசா காரணம் சொன்னா, இதை ஞாபகம் வெச்சுக்கோங்க.

டிப்ஸ்... டிப்ஸ்...

* பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதில் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். அதுதான் சரியான சீட் உயரம். பழகும்போது மட்டும், இரண்டு காலும் தரையில் ஊன்றும்படி சீட்டை இறக்கிக்கொள்ளுங்கள்.

* துப்பட்டாவைக் குறுக்காகப் போட்டு இடுப்பில் முடிச்சு போடுங்கள். செயின் கார்டு இல்லாத சைக்கிள் வேண்டாம்.

* முன்னால் வெள்ளை லைட், பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர், தலைக்கு ஹெல்மெட். ராத்திரியில் இதெல்லாம் இல்லாமல் கிளம்பவே கிளம்பாதீங்க.

* காத்து அடிக்கிற பம்ப் ஒன்று வீட்டிலேயே இருக்கட்டும். காத்து இறங்கினதுக்காக ஓரங்கட்டப்பட்ட சைக்கிள்கள் ஏராளம்!

இதைப் படிக்கிற பொண்ணா நீங்க? சுவர்ல சாஞ்சிருக்கிற சைக்கிளைத் துடைச்சு, காத்து அடிச்சு எடுங்க. நான் ஓட்டப் போறதில்லைங்கறீங்களா? பரவாயில்ல. இந்த ஞாயித்துக்கிழமை காலேஜ் கிரவுண்டுக்கு வாங்க, பழகணும்னு ஆசைப்படற ஒருத்திக்குக் கேரியரைப் பிடிங்க. லேசா!