பிசைந்து போட ஒரு கை

நிலாச்சோறு என்றால் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஏதோ கதையில் வருகிற சமாச்சாரம். எங்களுக்கு அது புரட்டாசி மாதத்து ராச்சாப்பாடு.

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. வழக்கப்படி ஜூன் 12-ந் தேதி மேட்டூர் அணையில் தண்ணீர் திறந்தால் குறுவை நடவு. புரட்டாசியில் அறுவடைக்கு வந்துவிடும். 1970-களில் எங்கள் வயலில் ஆடுதுறை 27 என்ற நெல். புது அரிசி ஆயிற்றே, சோறு குழைந்துபோகும். "விருந்தாளிக்கு இதையா போடுறது" என்று பாட்டி முகத்தைச் சுளிப்பார். ஆனால் உருட்டிக் கையில் போட அதைவிட நல்ல சோறு கிடையாது. அதனால் பௌர்ணமியன்று முற்றத்தில் பாயை விரித்து, கல்சட்டியோடு அம்மா நடுவில் உட்கார்ந்துவிடுவார். சித்தப்பா பிள்ளைகளையும் சேர்த்து ஒன்பது வால்கள் சுற்றிலும். தயிர்சாத உருண்டையை உள்ளங்கையில் வைத்து, கட்டை விரலால் ஒரு குழி அழுத்தி, அந்தக் குழியில் சுண்டைக்காய் வத்தக்குழம்பு ஒரு சொட்டு. தட்டில் போட்டால் பாதியில் எழுந்து ஓடுகிற என் தம்பி, கையில் விழ விழ ஏழெட்டு உருண்டை உள்ளே தள்ளுவான்.

அம்மா என்ன சாப்பிட்டார் என்று எவ்வளவு யோசித்தாலும் எனக்கு நினைவுக்கு வரவில்லை. நாங்கள் பாயிலேயே தூங்கிப்போன பிறகு சட்டியை வழித்துச் சாப்பிட்டிருப்பார். அவருக்கு யாரும் பிசைந்து போட்டு நான் பார்த்ததில்லை.

இப்போது நான் இருப்பது திருச்சியில், அடுக்குமாடிக் குடியிருப்பில். எதிர்வீட்டு அக்காவுக்கு 66 வயது. 2022-ல் வீட்டுக்காரர் தவறிவிட்டார். ஒரே மகன் வெளிநாட்டில். மாமனார், மாமியார், கொழுந்தன்மார் என்று நாற்பது வருஷம் பத்துப் பேருக்கு வடித்துக் கொட்டிய கை. ராத்திரிக்கு இரண்டு ரஸ்க், ஒரு டம்ளர் பால், அவ்வளவுதான். கேட்டால், "ஒருத்திக்காக அடுப்பு மூட்டணுமா?" என்பார். ரவிக்கையெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது. அவர் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர் வேறு. ஒருநாள் விடியற்காலையில் உடம்பெல்லாம் வியர்த்து, பேச்சுக் குழறி, விழுந்துவிட்டார். சர்க்கரை மிகவும் தாழ்ந்துவிட்டது என்றார் டாக்டர். சில சர்க்கரை மாத்திரைகளைப் போட்டுக்கொண்டு சரியாகச் சாப்பிடாமல் படுத்தால் இப்படித்தான் ஆகுமாம். தனியாக இருக்கிற சகோதரிகள் தயவுசெய்து இதைக் கவனியுங்கள்.

அதன் பிறகு நான் தினமும் டப்பாவில் ஏதாவது கொண்டுபோய்க் கொடுத்தேன். சிரித்த முகத்தோடு வாங்கி பிரிட்ஜில் வைப்பார். மறுநாள் அது வேலைக்கார அம்மாவுக்குப் போகும். அவருக்குச் சோறு இல்லாத குறை இல்லையே!

2023 செப்டம்பர் 29, வெள்ளிக்கிழமை, புரட்டாசிப் பௌர்ணமி. நாங்கள் ஆறு பெண்கள் மொட்டை மாடியில் நிலாச்சோறு சாப்பிடுவதென்று முடிவு செய்தோம். மாடிச் சாவி வாங்குவதுதான் பெரும்பாடு. "சோறு சிந்தினா எறும்பு வரும், காக்கா வரும்" என்று எங்கள் குடியிருப்புச் செயலாளர் அடுக்கிக்கொண்டே போனார். கழுவி விட்டுத்தான் இறங்குவோம் என்று வாக்குக் கொடுத்தோம். (அவர் மனைவியும் எங்களில் ஒருத்தி. அதுவும் ஒரு காரணம்!)

வீட்டுக்கு ஒரு பண்டம்தான், போட்டி போட்டுக்கொண்டு சமைக்கக் கூடாது என்று பேசி வைத்தோம். இன்னொன்றும் சொல்லி வைத்தேன். ஒருத்தியே கடைசி வரை பிசையக் கூடாது. பாதியில் சட்டி கை மாற வேண்டும். அதுவரை பிசைந்தவள் கையை நீட்ட வேண்டும்.

முதலில் அக்காவே சட்டியை இழுத்து மடியருகில் வைத்துக்கொண்டார். எங்களுக்கெல்லாம் போடும்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டுமே! சட்டி கை மாறியதும், "எனக்கு இருக்கட்டும், நான் அப்புறம் போட்டுக்கறேன்" என்றார். இரண்டாம் மாடி டீச்சர் விடவில்லை. "அப்புறம்னு ஒண்ணு இங்க கிடையாது. கையை நீட்டுங்க அக்கா" என்று பள்ளிக்கூடத்துக் குரலில் ஒரு அதட்டல். நீட்டினார். ஒன்று, இரண்டு, மூன்று. "கல்யாணத்துக்கு முன்னாடி எங்க ஆத்தா போட்டது. அதுக்கப்புறம் இன்னிக்குத்தான்" என்றார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. சர்க்கரைக்காரருக்குத் தயிர்சாதமா என்று கேட்பீர்கள். டாக்டரைக் கேட்டுக்கொண்டு மூன்றோடு நிறுத்தினோம். கூடவே கீரை மசியலும் சுண்டலும் வைத்தோம்.

அடுத்த பௌர்ணமி, அக்டோபர் 28-ல், நள்ளிரவுக்கு மேல் சந்திர கிரகணம். வீட்டுப் பெரியவர்கள் வேண்டாம் என்றதால் விட்டுவிட்டோம். எப்படியும் ஐப்பசி மழையை நம்ப முடியாது. மழை வந்தால் மாடிப்படித் திருப்பத்தில் பாய் போட்டுக்கொள்கிறோம். நிலா இல்லாவிட்டால் என்ன, சோறு இருக்கிறதே!

அக்கா தினமும் ராத்திரி சமைக்கிறார் என்று சொல்ல மாட்டேன். வாரத்தில் மூன்று நாள் நானும் டீச்சரும் எங்கள் தட்டை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போய்விடுகிறோம். அந்த மூன்று நாளும் அங்கே அடுப்பு எரிகிறது. மற்ற நாட்களில் ரஸ்க்தானோ என்று சந்தேகம். கேட்டால் பேச்சை மாற்றிவிடுகிறார்.

செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு: ஆறு பேருக்கு நாலு ஆழாக்கு அரிசி போதும். கடை அரிசி பெரும்பாலும் பழசு, உதிரும். வழக்கத்தைவிட ஒரு டம்ளர் தண்ணீர் கூட விட்டு வேகவைத்து, சூட்டோடு மசித்துவிடுங்கள். பாலை நிறைய விட்டு, ஆறியதும் இரண்டு கரண்டி தயிர் மட்டும் சேர்த்தால் சாப்பிடும் வரை புளிக்காது. வத்தக்குழம்பு கெட்டியாக இருக்கட்டும். இல்லாவிட்டால் முழங்கை வழியாக வழிந்து புடவை பாழ்.

கொங்கு நாட்டில் தைப்பூசத்தை ஒட்டி நிலாச்சோறு உண்டு, பாட்டும் கும்மியுமாக இருக்கும் என்பார்கள். அந்தப் பக்கத்துச் சகோதரிகள் யாராவது அதைப்பற்றி விவரமாக எழுதுங்களேன்.

– ஒரு வாசகி, திருச்சி.