வண்டி நின்றதால் வந்த வடை: மத்தூர் ஸ்டேஷன் ஹோட்டலின் கதை

பெங்களூரிலிருந்து மைசூர் செல்லும் வழியில் சுமார் 80 கிலோ மீட்டரில் இருக்கிறது மத்தூர். மண்டியா மாவட்டத்தில் ஷிம்ஷா நதிக்கரை ஊர். இளநீர்ச் சந்தைக்குப் பேர் போனது. ஆனாலும் மத்தூர் என்றதும் நம்மவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது வடைதான். அந்தப் பெயரை ஊருக்குச் சம்பாதித்துக் கொடுத்தது ரயில் நிலையத்துச் சிறு ஹோட்டல் ஒன்று.

1881-ல் ரயில் பாதை மத்தூரை எட்டியது. மறு ஆண்டே மைசூர் வரை போய்விட்டது. மீட்டர் கேஜ் பாதை, நீராவி எஞ்சின். தண்ணீர் பிடிக்கவும் எதிர் வண்டிக்கு வழி விடவும் நின்று நின்றுதான் போக வேண்டும். வண்டி நின்றால் பயணிக்குப் பசிக்கும். இதைப் புரிந்துகொண்டவர் ராமச்சந்திர புத்யா. 1917-ல் மத்தூர் ஸ்டேஷனில் பலகாரம் விற்கத் தொடங்கினார். அவர் நடத்திய கடையே 'வெஜிடேரியன் டிபன் ரூம்', சுருக்கமாக வி.டி.ஆர்.

வடை பிறந்ததற்கு ஒரு கதை சொல்வார்கள். ஒருநாள் வண்டி நேரத்துக்கு முன்பே வந்துவிட்டதாம். பக்கோடா போட அவகாசமில்லை. பிசைந்து வைத்திருந்த மாவை அவசரமாகத் தட்டி எண்ணெயில் போட்டுக் கொடுத்தாராம். ரயில்வேயில் வேலை பார்ப்பவன் என்ற முறையில், வண்டி முன்னதாக வந்தது என்ற இடத்தில் எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வருகிறது. வடையில் மட்டும் சந்தேகமில்லை!

உளுந்து இல்லாத வடை

நம் ஊர் மெதுவடையோடு இதைச் சேர்க்கக் கூடாது. இதில் உளுந்து கிடையாது; ஊற வைப்பதும் அரைப்பதும் கிடையாது. அரிசி மாவு, ரவை, மைதா மூன்றையும் கலந்து, நீளவாக்கில் அரிந்த வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை சேர்த்து, சூடான எண்ணெய் விட்டுக் கெட்டியாகப் பிசைவார்கள். தட்டையாகத் தட்டி, மொறுமொறுவென்று வேகவிட்டு எடுப்பார்கள். ஈரம் குறைவு என்பதால் சீக்கிரம் ஊசிப் போகாது. காகிதத்தில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு ஊர் போய்ச் சேரலாம். பிரயாணத்துக்கென்றே அமைந்த பலகாரம்.

யார் வாரிசு?

ஸ்டேஷன் ஹோட்டல் நடத்துவது விசித்திரமான தொழில். கட்டிடம் ரயில்வேயுடையது. கடை உரிமத்தின் பேரில் நடப்பது. வாடிக்கைக்காரரோ அடுத்த சில நிமிடத்தில் போய்விடுகிறவர். அப்படியானால் முதலாளிக்குச் சொந்தம் எது? அடுப்பும், மாவு கலக்கும் அளவும், வாங்கிய நல்ல பெயரும்தான்.

அந்தச் சொத்து இங்கே ரத்த உறவில் மட்டும் இறங்கவில்லை. 1948-ல் புத்யா ஓய்வு பெற்றபோது கடையைப் பிறரிடம் ஒப்படைத்தார். அவருக்குப் பின் எச்.டி. ஹெப்பார் கடையை நடத்தினார். அவருக்குப் பின் அவருடைய வளர்ப்பு மகன். கைமாறிக் கைமாறி வந்தும் வடை மாறவில்லை என்பதே இந்தக் குடும்பத்தின் பெருமை. வேலையைக் கற்றவனே வாரிசு என்பது பிழைப்புக்காக ஊர் விட்டு வந்திருக்கும் நமக்குப் புரியாத விஷயமல்ல.

ரயிலிலிருந்து ரோட்டுக்கு

நீராவி எஞ்சின் போயிற்று. 1990-களில் மீட்டர் கேஜ் அகலப் பாதையாயிற்று. பிறகு இரட்டைப் பாதையும் மின்சாரமும் வந்தன. வண்டிக்கு வேகம் கூடக் கூட, பிளாட்பாரத்தில் இறங்கிச் சாப்பிடும் பழக்கம் குறைந்தது.

காலம் மாறுவதைக் கண்ட குடும்பம் சும்மா இருக்கவில்லை. 1987-ல் பெங்களூர்–மைசூர் நெடுஞ்சாலையில் 'மத்தூர் டிஃபானிஸ்' என்ற ஹோட்டல் எழுந்தது. ரயில் பயணிக்குச் சுட்ட வடை, கார்காரருக்கும் பஸ் பயணிக்கும் போயிற்று. பெயர் பரவவே, சாலையோரம் 'மத்தூர் வடை' பலகைகள் பெருகின. மாவும் வெங்காயமும் யாருக்கும் கிடைக்கும். பெயருக்கும் பூட்டு இல்லை.

ஆனால் சாலையும் நிலையாக நிற்கவில்லை. 2023 மார்ச் 12-ந் தேதி புதிய விரைவுச் சாலை திறக்கப்பட்டது. மூன்று மணி நேரப் பயணம் ஒன்றரை மணியாகச் சுருங்கியது. கார்கள் மத்தூருக்குள் நுழையாமலே பறக்கின்றன. பழைய சாலையோர ஹோட்டல்களில் வியாபாரம் படுத்தது. அடுப்படியில் நின்றவர், தட்டு எடுத்தவர், இளநீர் வெட்டியவர் எல்லாருக்கும் அடி.

சீக்கிரம் போய்ச் சேர வேண்டும் என்று நாமெல்லோரும் விரும்புகிறோம், அதில் தவறில்லை. ஆனால் சிறிய ஊர்களுக்குச் சோறு போட்டது நாம் நின்ற அந்தப் பத்து நிமிடம். அடுத்த முறை மைசூர் போகிறவர்கள் அவசரமில்லையென்றால் பழைய சாலையில் திரும்புங்கள். இரண்டு வடை, ஒரு காப்பி. செலவு அதிகமில்லை.