மகனுக்கு வந்த சர்க்கரை வியாதி: 10 வருடம் ஏலம் விட்ட நாவலாசிரியை!
கையெழுத்து, கதாபாத்திரத்தின் பெயர் எல்லாம் விலை போனது

சூளகிரி:-

கொத்தமல்லி, புதினா, தக்காளி என்று பொழுது விடியும் முன்பே விலை பேசத் தொடங்கும் ஊர் சூளகிரி. "ஒரு தரம்... ரெண்டு தரம்... மூணு தரம்!" என்றால் என்ன என்று இங்கே சின்னப் பையனுக்கும் தெரியும்.

ஆனால் எழுத்தாளர் போடும் கையெழுத்துக்கு ஏலம், கதையில் வரும் ஆளின் பெயருக்கு ஏலம், எழுத்தாளரோடு உட்கார்ந்து மத்தியான சாப்பாடு சாப்பிட ஏலம் என்றால் நம்ப முடிகிறதா?

அமெரிக்காவில் இது நடந்தது. 2005-ல் தொடங்கி 2014 வரை 10 வருடம் நடந்தது. மொத்தம் 20 லட்சம் டாலருக்கு மேல் குவிந்தது. இன்றைய கணக்கில் 16 கோடி ரூபாய்க்கு மேல்! அந்தப் பணம் சர்க்கரை வியாதி ஆராய்ச்சிக்குப் போய்ச் சேர்ந்தது.

விவரம் வருமாறு:-

இருமல் மருந்து கொடுத்த ஆயா

ஏலத்தை நடத்தியவர் பிரெண்டா நோவாக். கலிபோர்னியா மாநிலத்தைச் சேர்ந்த நாவலாசிரியை. 5 பிள்ளைகளின் தாய்.

முதலில் இவர் எழுத்தாளர் அல்ல. கடன் கொடுக்கும் நிறுவனத்தில் வேலை பார்த்தார். வேலைக்குப் போகும்போது பிள்ளைகளைப் பார்த்துக் கொள்ள ஒரு பெண்ணிடம் விட்டுச் செல்வார். அந்தப் பெண் என்ன செய்தார் தெரியுமா? பிள்ளைகள் தொந்தரவு செய்யாமல் தூங்குவதற்காக இருமல் மருந்தைக் கொடுத்து வந்தார்!

விஷயம் தெரிந்ததும் நோவாக் வேலையை உதறினார். வீட்டில் இருந்தபடியே சம்பாதிக்க என்ன வழி என்று யோசித்துக் கதை எழுத உட்கார்ந்தார். முதல் நாவலை எழுதி முடிக்கப் பல வருடம் பிடித்தது. 1999-ல் அது அச்சாகி வெளிவந்தது.

குடும்பம் நிமிர்ந்த நேரத்தில் அடுத்த இடி விழுந்தது. கடைசி மகனுக்கு சின்ன வயசிலேயே சர்க்கரை வியாதி!

இது வேறு வியாதி

நாற்பது வயதுக்கு மேல் பலருக்கும் வருகிறதே, அந்தச் சர்க்கரை வியாதி அல்ல இது. டாக்டர்கள் இதை 'டைப் 1' என்று சொல்கிறார்கள். உடம்பின் எதிர்ப்பு சக்தியே திசை மாறி, கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்து விடுகிறது. மிட்டாய் தின்றதால் வருவதல்ல. பெற்றோர் செய்த தப்பும் அல்ல.

இதற்கு மாத்திரை மட்டும் போதாது. தினமும் இன்சுலின் ஊசி போட வேண்டும். ஆயுள் முழுக்கப் போட வேண்டும். ஊசி நின்றால் உயிருக்கே ஆபத்து.

பையனோ பெண்ணோ அடிக்கடி தண்ணீர் கேட்டால், அடிக்கடி சிறுநீர் கழித்தால், நன்றாகச் சாப்பிட்டும் மெலிந்தால், சோர்ந்து படுத்தால் நாளைக் கடத்தக் கூடாது. ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தத்தில் சர்க்கரை பார்த்து விட வேண்டும். வாந்தி, வேகமான மூச்சு என்று வந்து விட்டால் ஒரு மணி நேரம் கூடத் தாமதிக்கக் கூடாது.

என்ன ஏலம்?

மகனுக்கு ஊசி போட்டுக்கொண்டே நோவாக் யோசித்தார். ஊசி நோயை அடக்குகிறது, தீர்க்கவில்லை. தீர்க்க வேண்டுமானால் ஆராய்ச்சி நடக்க வேண்டும். ஆராய்ச்சிக்குப் பணம் வேண்டும். பணத்துக்கு எங்கே போவது?

தனக்குத் தெரிந்த எழுத்தாளர்களிடம் போனார். பதிப்பகத்தாரிடமும் கேட்டார். அவர்கள் கொடுத்ததையெல்லாம் வருடந்தோறும் மே மாதம் இன்டர்நெட்டில் ஏலம் விட்டார்.

கையெழுத்துப் போட்ட புத்தகங்கள் வந்தன. "உங்கள் பெயரை அடுத்த கதையில் வைக்கிறேன்" என்று சிலர் வாக்குக் கொடுத்தார்கள். "நீங்கள் எழுதிய கதையைப் படித்துக் குறை நிறை சொல்கிறேன்" என்று பத்திரிகை, பதிப்பக ஆசிரியர்கள் முன்வந்தார்கள். அதற்குத்தான் புது எழுத்தாளர்கள் மத்தியில் போட்டா போட்டி!

சூட்சுமம் இதுதான்

படித்துச் சொல்பவருக்கு அது இரண்டு மூன்று நாள் வேலை. பை காலியாவதில்லை. ஆனால் பெட்டிக்குள் கதையை வைத்துக்கொண்டு வாசல் வாசலாக ஏறி இறங்கும் புது ஆளுக்கு அது வாழ்நாள் வாய்ப்பு. கொடுப்பவருக்குக் குறைந்த செலவு, வாங்குபவருக்கு நிறைந்த மதிப்பு. இடையில் நிற்கும் தொகைதான் ஆராய்ச்சிக்குப் போகிறது.

நம்ம ஊர்க்காரர்களுக்கு இது புரியாத கணக்கல்ல. விழுப்புரம் மாவட்டத்துக் கோவிலில் பங்குனி உத்திரத்தின்போது வேலில் குத்திய எலுமிச்சம்பழம் பல ஆயிரம் ரூபாய்க்கு ஏலம் போகிறதே! கடையில் வாங்கினால் சில ரூபாய்தான். பழத்துக்கா விலை? அதன் மேல் வைத்த நம்பிக்கைக்குத்தான் விலை.

காந்தியும் ஏலம் விட்டார்

நல்ல காரியத்துக்கு ஏலம் விடுவது வெளிநாட்டுப் பழக்கம் என்று நினைக்க வேண்டாம். 1934-ல் மகாத்மா காந்தி ஹரிஜன நிதி திரட்டத் தமிழ்நாட்டில் சுற்றுப்பயணம் செய்தார். கூட்டங்களில் தனக்குக் கிடைத்த வரவேற்புப் பத்திரங்களையும் பரிசுப் பொருள்களையும் அங்கேயே ஏலம் விட்டார். கையெழுத்து கேட்டு நீட்டினால் 5 ரூபாய் கேட்டார்!

வீட்டுத் துக்கத்தை ஊருக்கு உதவியாக மாற்றியவரும் நம்மிடம் உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை புற்றுநோயில் இறந்தார். அந்த வேதனையை மறக்காத அவர் ஊர் ஊராக நிதி திரட்டினார். 1952-ல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்ட, 1954-ல் சென்னை அடையாறில் புற்றுநோய் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. அன்று 12 படுக்கைதான். பிறகு அது சிகிச்சைக்கும் ஆராய்ச்சிக்கும் பெயர் பெற்ற நிலையமாக வளர்ந்தது.

எழுத்தாளர் கொடை என்றால் இங்கிலாந்தையும் சொல்ல வேண்டும். 'பீட்டர் பேன்' எழுதிய ஜே.எம்.பாரி 1929-ல் அதன் உரிமையையே லண்டன் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு எழுதி வைத்தார். 1937-ல் அவர் இறந்த பிறகும் பணம் வந்தது.

ஒரு டாலருக்கு இன்சுலின்

இன்சுலின் பிறந்த கதையும் கொடைக் கதைதான். கனடாவில் டொராண்டோ நகரில் 1922 ஜனவரியில் 14 வயதுச் சிறுவனுக்கு முதன் முதலாக அந்த ஊசி போட்டார்கள். அதுவரை இந்த நோய் வந்த பிள்ளைகள் கொஞ்ச காலத்தில் இறந்து போவார்கள். ஊசி போட்டு உயிர் பிழைத்தார்கள்.

கண்டுபிடித்தவர்கள் நினைத்திருந்தால் கோடீசுவரர்கள் ஆகியிருக்கலாம். ஆனால் 1923-ல் ஆளுக்கு ஒரே ஒரு டாலர் வாங்கிக்கொண்டு உரிமையைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்து விட்டார்கள்!

அதன்பின் 100 வருடம் ஓடி விட்டது. டைப் 1 நோயை அடியோடு தீர்க்கும் மருந்து எல்லோருக்கும் கிடைக்கும் நிலை இன்னும் வரவில்லை. ஆனாலும் ஆராய்ச்சி வீண் போகவில்லை. நோய் முற்றுவதைச் சராசரியாக 2 வருடம் தள்ளிப் போடும் ஒரு மருந்துக்கு 2022-ல் அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது. ஒரு பிள்ளைக்கு 2 வருடம் ஊசி இல்லாமல் கழிவது சின்ன விஷயமா?

இங்கே நடக்குமா?

இந்தியாவில் எல்லா வகையும் சேர்த்து 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை வியாதி இருப்பதாக 2023-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. அதை முன்னின்று நடத்தியது சென்னையில் உள்ள ஆராய்ச்சி நிலையம். ஆக, ஆராய்ச்சி செய்ய ஆள் இங்கேயே உண்டு.

எழுத்தாளர்களுக்கும் பஞ்சமில்லை. ராஜாஜி பிறந்த தொரப்பள்ளி பக்கத்தில்தான் இருக்கிறது. ஓசூரில் வருடந்தோறும் புத்தகத் திருவிழா நடக்கிறது. கம்பெனி ஷிப்டு முடிந்து வருகிறவர்களும் குடும்பத்தோடு போய்ப் புத்தகம் வாங்குகிறார்கள். எழுத்தாளர்கள் இலவசமாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறார்கள்.

அங்கே ஒரு மேஜையைப் போட்டு, பத்துப் புத்தகத்தை அடுக்கி, வரும் பணம் எங்கே போகிறது என்று ரசீதோடு எழுதி ஒட்டினால் போதும். நோவாக்கின் ஏலமும் முதல் வருடமே லட்சங்களைக் கொட்டி விடவில்லை. வருடா வருடம் விடாமல் நடத்தியதில்தான் தொகை ஏறியது.