சிரட்டையைக் கவிழ்ப்பது யார்?

களியக்காவிளை சோதனைச் சாவடியைத் தாண்டினால் சிறிது தூரத்தில் பாறசாலை. 2021 ஜூலையில் கேரளத்தின் முதல் ஜிகா நோயாளி கண்டறியப்பட்டது திருவனந்தபுரம் மாவட்டத்தின் இந்த எல்லையோர ஊரில்தான். அவர் ஒரு கர்ப்பிணி. அடுத்த நாட்களில் திருவனந்தபுரம் நகரத்திலும் நோயாளிகள் தென்பட்டனர். டெங்கு, சிக்குன்குனியா, ஜிகா மூன்றையும் பரப்புவது ஏடிஸ் கொசு. பகலில் கடிக்கும். பிறந்த இடத்தைவிட்டுச் சில நூறு மீட்டருக்கு மேல் பெரும்பாலும் போகாது. அதாவது, உங்களைக் கடித்த கொசு உங்கள் வீட்டிலோ பக்கத்து வளவிலோதான் பிறந்திருக்கும்.

முட்டை கொசுவாவதற்கு வெயில் காலத்தில் ஏழு முதல் பத்து நாள் போதும். சுகாதார ஆய்வாளர் ஒவ்வொரு வீட்டுக்கும் வாரம் தவறாமல் வர முடியுமா? முடியாது. அதனால்தான் கேரளத்தில் வெள்ளிக்கிழமை பள்ளிகளிலும், சனிக்கிழமை அலுவலகங்களிலும், ஞாயிற்றுக்கிழமை வீடுகளிலும் தேங்கிய நீரை அகற்றும் ‘டிரை டே’ என்று வைத்திருக்கிறார்கள். ஆஷா பணியாளர்களும் குடும்பஸ்ரீ மகளிர் குழுப் பெண்களும் வீடு வீடாகப் பார்க்கிறார்கள்.

பார்ப்பதற்குப் பெரிய கருவி வேண்டாம், ஒரு டார்ச் போதும். ஃப்ரிட்ஜின் பின்தட்டு, மணி பிளான்ட் பாட்டில், மாடியில் கிடக்கும் டயர் என்று அடித்துப் பார்த்தால் கொசுப்புழு தலைகீழாகத் தொங்கும்; நிழல் பட்டதும் நெளிந்து அடியில் போய் ஒளியும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் வேலை முடியாது. பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிய முட்டை மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் அடுத்த மழையில் பொரிக்கும். தேய்த்துக் கழுவ வேண்டும்.

கணக்கிலும் ஒரு சூட்சுமம் உண்டு. நூறு வீடுகளில் எத்தனை வீட்டில் புழு இருந்தது என்பது வீட்டுக் குறியீடு. நூறு வீடுகளுக்கு எத்தனை பாத்திரத்தில் இருந்தது என்பது பிரெட்டோ குறியீடு. ஒரே வீட்டில் பத்துச் சிரட்டையில் புழு இருந்தால் முதலாவது 1, இரண்டாவது 10. முதல் எண்ணை மட்டும் பார்க்கும் பஞ்சாயத்து நிம்மதியாகத் தூங்கிவிடும்.

அதைவிடப் பெரிய ஓட்டை ரப்பர் தோட்டம். நெடுமங்காடு, வெள்ளறடைப் பக்கம் மரத்துக்கு மரம் பால் பிடிக்கும் சிரட்டை கட்டியிருக்கும். மழைத்தடுப்பு பிளாஸ்டிக் இல்லாத தோட்டத்தில் பருவமழை தொடங்கியதும் பால் வெட்டு நின்றுபோகும். சிரட்டை நிமிர்ந்தபடியே நீர் பிடிக்கும். அங்கே வளர்வது பெரும்பாலும் ‘ஆசியப் புலிக்கொசு’ எனப்படும் ஏடிஸ் அல்போபிக்டஸ். ஆனால் தோட்டத்துக்குக் கதவும் இல்லை, தட்டித் திறக்க ஆளும் இல்லை. முதலாளி வெளியூரில் இருப்பார்.

2023-இன் கேரளப் பொதுச் சுகாதாரச் சட்டம் கொசு வளர இடம் கொடுப்பவருக்கு அபராதம் விதிக்க வழி செய்கிறது. அபராதம் போட முதலில் யாராவது பார்த்திருக்க வேண்டுமே! விடியும் முன்பே மரம் மரமாக நடப்பவர்கள் வெட்டுத் தொழிலாளிகள். வெட்டு நிற்கும் கடைசி நாளில் சிரட்டைகளைக் கவிழ்த்து வைப்பதற்கும் அவர்களுக்குக் கூலி உண்டு என்று தோட்டக்காரர் ஒப்புக்கொண்டால், ஆஷா பணியாளரின் நோட்டில் விடுபட்ட பகுதியில் பாதி அன்றே நிரம்பிவிடும்.