மருந்து பிடிக்காமல் போனால்: இனிப்பில்லாத நீரிழிவு



நீரிழிவு என்றதும் நம் தோட்டப்புறங்களில் எல்லாருக்கும் நினைவுக்கு வருவது இனிப்பு நீர்தான். மலாய்க்காரர்கள் அதைக் 'கென்சிங் மானிஸ்' என்பார்கள். ஆனால் நீரிழிவு என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள். அதில் சர்க்கரை இல்லை. நீர் இறங்கிப் போகிறது என்பதே அதன் பொருள். இந்தச் சொல்லுக்கு முழுப் பொருத்தமான வேறொரு நோய் உண்டு. மருத்துவர்கள் அதை 'டயபிட்டிஸ் இன்சிபிடஸ்' என்பார்கள். தமிழில் 'வெல்லமிலி நீரிழிவு' என்று எழுதுகிறோம். இது ஏறத்தாழ 25,000 பேரில் ஒருவருக்கு வரும் அரிய நோய். அரிய நோய் என்பதாலேயே அக்கம்பக்கத்தாருக்கு இது விளங்குவதில்லை.

நம் சிறுநீரகங்கள் நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீரை வடிகட்டுகின்றன. அதில் ஒன்றரை, இரண்டு லிட்டர் தவிர மற்றதெல்லாம் மீண்டும் இரத்தத்துக்கே திரும்புகிறது. கடைசிக் கட்டத்தில் எவ்வளவு நீரைத் திருப்புவது என்று கட்டளையிடுவது 'வாசோபிரெசின்' என்னும் சுரப்பு நீர். இது மூளையின் அடிப்பகுதியில் உருவாகி, பிட்யூட்டரிச் சுரப்பியிலிருந்து இரத்தத்தில் கலக்கிறது. இதை அந்தக் காலத் தோட்டத்துக் கங்காணி என்று வைத்துக்கொள்வோம். கங்காணி வராவிட்டால் வேலை நடக்காது. இது ஒரு வகை. கங்காணி வந்தும் ஆட்களின் காதில் அவர் குரல் விழாவிட்டாலும் வேலை நடக்காது. இது இன்னொரு வகை. முதல் வகை தலையில் அடிபடுவதாலும், மூளைக் கட்டியாலும், அதற்குச் செய்யும் அறுவைச் சிகிச்சையாலும் வரலாம். இரண்டாவது சிறுநீரகத்தின் கோளாறு. பிறவியிலும் வரும்; மனநோய்க்குக் கொடுக்கும் லித்தியம் மருந்தை நெடுநாள் உண்பதாலும் வரும்.

இரண்டிலும் அடையாளம் ஒன்றே. பல லிட்டர் சிறுநீர் போகும். அது பச்சைத் தண்ணீர் போலிருக்கும். தாகம் தீராது. நள்ளிரவிலும் எழுந்து குடிக்க வேண்டியிருக்கும்.

முன்பு முதல் வகைக்கு விலங்குகளின் பிட்யூட்டரிச் சுரப்பியைப் பொடியாக்கி, மூக்குப்பொடி போல் உறிஞ்சக் கொடுத்தார்கள். 1967-இல் பிராக் நகரத்து அறிவியலாளர்கள் 'டெஸ்மோபிரெசின்' என்ற மருந்தை உருவாக்கினார்கள். வராத கங்காணிக்குப் பதில் ஆள் கிடைத்தது. இன்று அது மாத்திரையாகவும், நாக்கின் அடியில் கரையும் வில்லையாகவும், மூக்கில் பீய்ச்சும் மருந்தாகவும், ஊசியாகவும் இருக்கிறது.

நன்றாக வேலை செய்துவந்த மருந்து ஒரு நாள் பிடிக்காமல் போனதுபோல் தோன்றும். எட்டு மணி நேரம் தாங்கியது நான்கு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். அப்போது பலரும் செய்வது, தாமாகவே ஒரு மாத்திரையைக் கூட்டிக்கொள்வது. அது ஆபத்து. மருந்து தோற்றுவிட்டதா, அல்லது மருந்து உடம்புக்குள் போய்ச் சேரவே இல்லையா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

மூக்கில் பீய்ச்சுபவருக்குச் சளியும் மூக்கடைப்பும் இருந்தால் மருந்து உள்ளே ஏறாது. அந்நாள்களில் வேறு வடிவத்துக்கு மாறலாமா என்று மருத்துவரைக் கேட்க வேண்டும். மாத்திரையில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே இரத்தத்தில் சேர்கிறது. அதையும் சோற்றோடு சேர்த்து விழுங்கினால் சேரும் அளவு ஏறத்தாழ 40 விழுக்காடு குறைகிறது. ஆகவே நாள்தோறும் ஒரே நேரத்தில், உணவிலிருந்து ஒரே இடைவெளியில் உண்பது நல்லது. நூறு மைக்ரோகிராம் மாத்திரையும் நூறு மைக்ரோகிராம் வில்லையும் சமமல்ல என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

அடுத்தது, மருந்தை வைக்கும் இடம். சில மூக்கு மருந்துகளை 2 முதல் 8 டிகிரிக்குள் ஐஸ் பெட்டியில் வைக்க வேண்டும். வேறு சிலவற்றை 25 டிகிரிக்கு மேல் போகாமல் வைக்க வேண்டும். ஜாசினிலும் அலோர் காஜாவிலும் நண்பகல் வெயில் 30 டிகிரியைத் தாண்டுகிறது. தகரக் கூரையின் கீழும் மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள்ளும் இன்னும் அதிகம். உறையில் எழுதியிருப்பதைப் படியுங்கள். காலாவதித் தேதியையும் பாருங்கள்.

இவையெல்லாம் சரியென்றால் உடம்பில் வேறு ஏதோ புகுந்திருக்கலாம். இனிப்பு நீரும் சேர்ந்து வந்திருக்கலாம். இரத்தத்தில் கால்சியம் கூடினாலும் பொட்டாசியம் குறைந்தாலும் சிறுநீரகம் கட்டளைக்குச் செவிகொடுக்காது. பிட்யூட்டரி நோயாளிக்குப் புதிதாக ஹைட்ரோகார்ட்டிசோன் தொடங்கினாலும் சிறுநீர் பெருகுவதுண்டு. இவற்றை இரத்தப் பரிசோதனையால்தான் அறிய முடியும்.

மருந்தைத் தாமே கூட்டினால் என்ன கேடு? மருந்து நீரைப் பிடித்து வைக்கிறது. நாமோ பழக்கத்தால் குடித்துக்கொண்டே இருக்கிறோம். இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகிறது. அது லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் வரை இருக்க வேண்டும். மிகவும் இறங்கினால் தலைவலி, குமட்டல், குழப்பம் வரும்; முடிவில் வலிப்பும் வரும். மருந்து குறைந்தால் தாகம் எச்சரிக்கும். மருந்து மிகுந்தால் அப்படி எச்சரிக்க எதுவும் இல்லை.

ஆகையால் ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். மருந்து உண்ட நேரம், அது தாங்கிய மணி, குடித்த அளவு, சிறுநீரின் அளவு, காலை எடை ஆகிய ஐந்தையும் மூன்று நாள் எழுதினால் போதும். அளவுக் கோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் குவளை இதற்குப் போதும். இரண்டு நாளில் எடை இரண்டு கிலோ ஏறினால் உடம்பில் நீர் தேங்குகிறது என்று பொருள். மலாக்கா மருத்துவமனைக்குப் போகும்போது அந்தப் புத்தகத்தைக் கொண்டுபோனால், மருத்துவர் அளவை மாற்றுவதா, நேரத்தை மாற்றுவதா, வடிவத்தை மாற்றுவதா என்று தெளிவாக முடிவு செய்வார்.

ஒன்றை மட்டும் யாரும் செய்யக்கூடாது: தண்ணீரைத் தடுக்கக்கூடாது. "இவ்வளவு குடிப்பதால்தானே இவ்வளவு போகிறது" என்று பாட்டிமார் அன்போடு சொல்வார்கள். உண்மை தலைகீழ், போவதால்தான் குடிக்கிறார்கள். சிராப்பும் இனிப்புத் தேநீரும் வேண்டாம். வெறும் தண்ணீர் கொடுங்கள். வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்து குடிக்க முடியாமல் போனால், அன்றே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். 1991-இல் டுரியான் துங்கால் அணை வற்றி மலாக்காவில் தண்ணீர்ப் பங்கீடு நடந்தது பலருக்கு நினைவிருக்கும். இந்நோயாளி உள்ள வீட்டில் எப்போதும் இரண்டு நாள் தண்ணீர் சேமிப்பில் இருக்கட்டும்.

எங்களைப் போன்ற ஆசிரியர்களுக்கும் இதில் பங்குண்டு. அடிக்கடி வெளியே போகக் கேட்கும் பிள்ளையைச் சோம்பேறி என்று எண்ணிவிடாமல், தண்ணீர்ப் போத்தலை மேசைமேல் வைக்க விட வேண்டும்; பெற்றோரையும் அழைத்துப் பேச வேண்டும்.

தண்ணீர் மறுக்கப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு துயரச் சான்று உண்டு. 2009-இல் லண்டன் செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையில், இந்நோய் உள்ள 22 வயது இளைஞர் ஒருவர் இடுப்பு அறுவைச் சிகிச்சைக்குச் சேர்ந்தார். அவருக்குரிய மருந்து கொடுக்கப்படவில்லை. தாகம் தாங்காமல் போலீசைத் தொலைபேசியில் அழைத்துத் தண்ணீர் கேட்டார். நீரிழப்பால் இறந்துபோனார். கவனிப்பின்மையும் அதற்குக் காரணம் என்று 2012-இல் விசாரணை முடிவு கூறியது. நீரிழிவு என்ற பெயரைக் கேட்டு இனிப்பு நீர் என்று மயங்கும் ஆபத்தைத் தவிர்க்கவே, 2022-இல் உலகச் சுரப்பியியல் மருத்துவர்கள் இந்நோயின் பெயரை 'வாசோபிரெசின் குறைபாடு' என்றும் 'வாசோபிரெசின் எதிர்ப்பு' என்றும் மாற்றினார்கள்.

ஆகவே நோயாளி தம் சட்டைப் பையில் ஓர் அட்டை வைத்திருக்கட்டும். அதில் மலாயிலும் ஆங்கிலத்திலும் மூன்று செய்திகள் போதும்: "எனக்கு வாசோபிரெசின் குறைபாடு. இது இனிப்பு நீர் அல்ல. டெஸ்மோபிரெசினையும் தண்ணீரையும் நிறுத்தாதீர்கள்." அவர் மயங்கிக் கிடக்கும்போது அவருக்காகப் பேசப்போவது அந்த அட்டைதான்.