குற்றம் ஒயரில், தண்டனை போர்டுக்கு

தானாக வானத்தைத் தேடிக் காட்டும் தொலைநோக்கிக்கு ஒரு குளிரூட்டிய கேமரா வருகிறது. பனி படியாமலிருக்க முகப்பைச் சுற்றிச் சூடேற்றும் பட்டை வருகிறது. ஃபோகஸ் பார்க்க ஒரு மோட்டாரும் எல்லாவற்றையும் இயக்க ஒரு குட்டிக் கம்ப்யூட்டரும் குழாயின் மேல் ஏறுகின்றன. அன்றிரவே, அதுவரை ஒழுங்காக ஓடிய மவுன்ட், அதாவது குழாயைத் தாங்கித் திருப்பும் பீடம், தகராறு செய்யத் தொடங்குகிறது. வியாழனை நோக்கித் திரும்பும்போது பாதி வழியில் நிற்கிறது. கையிலிருக்கும் கன்ட்ரோலரின் திரை அணைந்து மறுபடி எரிகிறது. மூன்று நட்சத்திரங்களைக் காட்டிப் பழக்கிய கணக்கெல்லாம் அழிந்துபோகிறது. செலஸ்ட்ரான் நெக்ஸ்ஸ்டார் வகையில் ‘நோ ரெஸ்பான்ஸ் 16’ அல்லது ‘17’ என்ற எச்சரிக்கை வரும். கிடைத்திசை மோட்டார் போர்டின் முகவரி 16, உயரத்திசை போர்டினுடையது 17. திரையே போர்டின் எண்ணைச் சொல்லும்போது, போர்டு போய்விட்டது என்று முடிவுகட்டுவது இயல்புதான். ஆனால் அந்தச் செய்திக்குப் பொருள் ‘போர்டு பதில் சொல்லவில்லை’ என்பது மட்டுமே. ஏன் சொல்லவில்லை என்பதை அது சொல்வதில்லை. பதில் சொல்லப் போதிய வோல்டேஜ் கிடைக்காத போர்டும் இப்படித்தான் மௌனமாக இருக்கும். மேம்படுத்திய பின் வரும் பழுதுகளில் முதலில் சந்தேகிக்க வேண்டியது மின்சாரம் வரும் பாதையை. போர்டையும் மென்பொருளையும் கடைசியில்தான் என்பது என் வாதம்.

கணக்குப் போட்டால் காரணம் தெளிவாகும். ஸ்கைவாட்சர் இக்யூ6-ஆர் மவுன்டுக்கு 11 முதல் 16 வோல்ட் வரை வேண்டும். அரைவாசி தீர்ந்த லெட்-ஆசிட் பேட்டரி ஏறத்தாழ 12.2 வோல்ட் தரும். அதிலிருந்து 3 மீட்டர் தூரத்துக்கு, கடையில் எளிதாகக் கிடைக்கும் 0.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரை இழுத்திருக்கிறார்கள் என்று வையுங்கள். போக ஒன்று, வர ஒன்று என மொத்தம் 6 மீட்டர். அதன் மின்தடை சுமார் 0.2 ஓம். மவுன்ட் மட்டும் 2 ஆம்பியர் இழுத்தால் வழியில் 0.4 வோல்ட் குறையும். யாரும் கவனிக்க மாட்டார்கள். அதே ஒயரில் 3 ஆம்பியர் வரை கேட்கும் குளிரூட்டிய கேமராவும், ஓர் ஆம்பியருக்கு மேல் இழுக்கும் சூட்டுப் பட்டையும், கம்ப்யூட்டரும் சேர்ந்தால் மொத்தம் 8 ஆம்பியரைத் தொட்டுவிடும். இப்போது வழியில் மட்டும் 1.6 வோல்ட் போய்விடுகிறது. மவுன்டுக்குச் சேர்வது 10.6 வோல்ட். கிராமத்தில் பம்ப்செட் மோட்டாரைப் போட்டதும் வீட்டு விளக்கு மங்குவதும் இதே கணக்குதான். விளக்கு மங்கினாலும் எரியும். மைக்ரோகன்ட்ரோலருக்கு அந்தப் பொறுமை கிடையாது. எல்லைக்குக் கீழே போன கணமே அது எல்லாவற்றையும் மறந்து முதலிலிருந்து தொடங்கும்.

‘பேட்டரியில் மீட்டர் வைத்துப் பார்த்தேன், 12.6 காட்டுகிறதே’ என்பது வழக்கமான மறுப்பு. சுமை இல்லாமல், பேட்டரியின் முனையில் எடுத்த அளவு அது. மவுன்டுக்கு என்ன கிடைக்கிறது என்று அது காட்டாது. அளக்க வேண்டிய இடம் மவுன்டின் பிளக். அளக்க வேண்டிய நேரம், கேமரா குளிர்ந்து, பட்டை சூடாகி, இரண்டு மோட்டார்களும் முழு வேகத்தில் திரும்பும் நேரம். இன்னும் கூர்மையான வழியும் உண்டு. மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவிலும் மறுமுனையைப் பிளக் பக்கத்துப் பாசிட்டிவிலும் வைத்தால், அந்த ஒயரும் அதன் இணைப்புகளும் விழுங்கும் வோல்டேஜ் நேரடியாகத் தெரியும். நெகட்டிவ் பக்கத்தையும் அப்படியே பார்க்கலாம். ஓம் அளவில் வைத்து ஒயரைச் சோதிப்பதால் பயனில்லை. மீட்டரின் சொந்த ஒயர்களுக்கே கிட்டத்தட்ட அவ்வளவு தடை இருக்கும். சாதாரண மீட்டர் நொடிக்குச் சில முறைதான் அளக்கிறது என்பதால் நொடிப்பொழுதுச் சரிவுகளைத் தவறவிடும். மிகக் குறைந்த அளவைப் பிடித்து வைக்கும் வசதியுள்ள மீட்டர் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் மவுன்டுக்கு மட்டும் தனி பேட்டரி ஒன்றைக் குட்டையான தடித்த ஒயரால் இணைத்துப் பாருங்கள். தகராறு நின்றுவிட்டால் வழக்கு முடிந்தது.

இணைப்புகளைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். காரில் சிகரெட் லைட்டருக்கென வைத்த சாக்கெட்தான் பல பவர் பேக்குகளில் இன்றும் இருக்கிறது. ஒரு ஸ்பிரிங்கின் அழுத்தத்தை மட்டும் நம்பியிருக்கும் அந்த இணைப்பு, பல ஆம்பியர் தொடர்ந்து ஓடும் வேலைக்கு ஏற்றதல்ல. நெக்ஸ்ஸ்டார் வகைக்கு வேண்டியது 5.5 மில்லிமீட்டர் வெளிவிட்டமும் 2.1 மில்லிமீட்டர் உள்துளையும் கொண்ட, நடுவில் பாசிட்டிவ் உள்ள பிளக். பார்வைக்கு அச்சு அசலாக அதைப் போலவே இருக்கும் 2.5 மில்லிமீட்டர் துளைப் பிளக்கும் அதில் நுழையும், ஆனால் இறுகப் பிடிக்காது. குழாய் திரும்பும்போது ஒயர் லேசாக இழுபடும். ஒரு கணம் தொடர்பு அறும். கன்ட்ரோலர் மறுபடி தொடங்கும். போர்டு பழுதைப் போலவே தோன்றும் இதற்கு மருந்து, சரியான பிளக்கும் ஒயரை மவுன்டோடு சேர்த்துக் கட்டும் ஒரு பட்டியும்தான்.

வோல்டேஜ் குறைகிறது என்றால் கூட்டிக் கொடுத்துவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. லேப்டாப்பின் 19 வோல்ட் அடாப்டர் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால் ஆசையும் வரும். தயவுசெய்து வேண்டாம். 12 வோல்டுக்கென வடிவமைத்த பாகங்களில் அது போர்டையே பலிவாங்கக்கூடும். 1990-களில் வந்த மீட் எல்எக்ஸ்200 தொலைநோக்கிகளில் டாண்டலம் கபாசிடர்கள் ஷார்ட்டாகிப் புகைவது பெயர்பெற்ற பழுது. வயதான டாண்டலம் கபாசிடருக்குத் தாங்கும் எல்லையை ஒட்டிய வோல்டேஜ் ஆகவே ஆகாது. சரியான தீர்வு ஒயரைத் தடிப்பாக்குவது. 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயராக மாற்றினால், மேலே சொன்ன அதே 8 ஆம்பியருக்கு இழப்பு 0.33 வோல்டாகச் சுருங்கும். சூட்டுப் பட்டைக்குத் தனி ஒயர் கொடுப்பது அதனினும் நல்லது. முழுதாகச் சார்ஜ் ஆனபின் 13 வோல்டுக்கு மேலும், தீரும் வரை பெரிதாகச் சரியாமலும் நிற்கும் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி இன்னொரு நல்ல முதலீடு. எந்த பேட்டரியானாலும் அதன் அருகிலேயே ஃபியூஸ் இருக்கட்டும்.

எல்லாப் பழுதும் வோல்டேஜ் பழுதல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். மென்பொருள் கோளாறும் உண்டு. ஆனால் அது சுமையைப் பார்த்து வருவதில்லை. பட்டையை அணைத்ததும் மறையும் கோளாறை மென்பொருளில் தேடிப் பயனில்லை. யுஎஸ்பி இணைப்பு அடிக்கடி அறுவதற்கும் பெரும்பாலும் மின்பாதையில்தான் வேர் இருக்கும்: நெகட்டிவ் ஒயர் மெல்லியதாக இருந்தால், திரும்பும் மின்னோட்டத்தில் ஒரு பகுதி யுஎஸ்பி கேபிளின் கிரவுண்டு வழியே போகப் பார்க்கும். உண்மையிலேயே போர்டு எரியும் இடங்களும் உண்டு. அவை பெரும்பாலும் தவறான துளையில் செருகியதன் விளைவு. செலஸ்ட்ரானின் ஆட்டோகைடர் துளையும் ஆக்ஸ் துளையும் ஒரே அமைப்பு. ஆக்ஸில் 12 வோல்ட் இருக்கிறது. நட்சத்திரத்தைப் பின்தொடர்வதைத் திருத்தும் கைடர் கேமராவின் கேபிளை அதில் செருகினால் கேமராவின் மின்சுற்று தாங்காது. ஸ்கைவாட்சர் மவுன்டை நேரடியாகக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் கேபிளில் 5 வோல்ட் டிடிஎல் சமிக்ஞை வேண்டும். பழைய சீரியல் போர்ட்டின் ஆர்எஸ்232 சமிக்ஞையை நேராகக் கொடுத்தால் மவுன்டின் போர்டு பாழாகும்.

ஆகவே புதுப் பாகம் ஒன்றை வாங்கும் நாளிலேயே அது எத்தனை ஆம்பியர் கேட்கிறது என்று எழுதிவையுங்கள், கூட்டிப் பாருங்கள், அதைத் தாங்கும் ஒயரையும் சேர்த்தே வாங்குங்கள். எதையும் கழற்றும் முன், முழுச் சுமையில் பிளக் முனையில் ஒருமுறை மீட்டரை வையுங்கள். அங்கே 12 வோல்டுக்குக் குறையாமல் நிற்பதைக் கண்ட பிறகு போர்டைச் சந்தேகிக்கலாம்.