உங்களுக்குத் தெரியுமா? மாலையில் தொங்கும் இமை சொல்லும் சேதி

காலையில் நன்றாகத் திறக்கும் இமை மாலையில் தொங்கும். உணவை மெல்ல மெல்லத் தாடை சோரும், பேசப் பேசக் குரல் மூக்கால் வரும். ஓய்வெடுத்தால் பலம் திரும்பும். இதை வெறும் களைப்பு என்று விட்டுவிடாதீர்கள்; ‘மயஸ்தீனியா கிராவிஸ்’ நோயாக இருக்கலாம்.

● நரம்பு முனையில் சுரக்கும் அசிட்டைல்கோலின்தான் தசையை இயக்குகிறது. இந்நோயில், அதை வாங்கிக்கொள்ளும் தசை ஏற்பிகளை உடலின் எதிர்ப்பு சக்தியே தாக்குகிறது.

● தொங்கும் இமைமேல் மருத்துவர் 2 நிமிடம் ஐஸ் பை வைப்பார். இமை 2 மில்லிமீட்டராவது உயர்ந்தால் சந்தேகம் வலுக்கும்.

● உடல் முழுதும் தசைகள் தளர்ந்தவர்களில் ஏறக்குறைய 85 சதவீதம் பேரின் ரத்தத்தில் இந்த ஏற்பிகளுக்கு எதிரான ஆன்டிபாடி தென்படும். தென்படாவிட்டாலும் நோய் இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. நரம்பைத் திரும்பத் திரும்பத் தூண்டிப் பார்க்கும் மின்பரிசோதனை உதவும்.

● இந்நோயுடன் தைமஸ் சுரப்பியில் கட்டியும் இருக்கிறதா என்று அறிய மார்பு ஸ்கேன் அவசியம்.

● 1934இல் லண்டன் கிரீனிச்சில் பணியாற்றிய மருத்துவர் மேரி வாக்கர், பைசோஸ்டிக்மின் ஊசியால் தற்காலிகமாகப் பலம் திரும்புவதைக் காட்டினார். இன்றைய பைரிடோஸ்டிக்மின் மாத்திரையும் அதே வழியில்தான் வேலை செய்கிறது.

விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமப்பட்டால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.